கடிகாரம் பார்த்துச் சாப்பிட வேண்டிய ஊர்: பினாங்கு ஜார்ஜ் டவுன் உணவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் முறை மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போனபோது, பத்துக் கடைகளின் பெயர் எழுதிய தாள் ஒன்று என் சட்டைப் பையில் இருந்தது. ஹொக்கியன் மீ என்ற நூடுல்ஸ் விற்கும் கடையைத் தேடிப் பிடித்தபோது காலை மணி 11. அடுப்பை அணைத்துவிட்டுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வெயிலில் நடந்து அடுத்த கடைக்குப் போனால், அது சாயங்காலம்தான் திறக்குமாம். மூன்றாவது கடைக்கு அன்று வார விடுமுறை. நாள் முழுக்க நடந்துவிட்டு, ராத்திரி விடுதிக்குக் கீழே கிடைத்த ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை விடுதி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த தமிழ் அம்மா ஒருவர், “பசியாறியாச்சா தம்பி?” என்று கேட்டார். காலைச் சாப்பாட்டை மலேசியத் தமிழர்கள் ‘பசியாறல்’ என்பார்கள். நான் முந்தைய நாள் கதையைச் சொன்னதும், “இங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம் இருக்கு, அந்த நேரத்துக்குப் போகணும்” என்றார். அதற்குப் பிறகு மூன்று முறை போய்வந்துவிட்டேன். தாளை எடுத்துப் போவதில்லை. கீழே எழுதியிருப்பதும் நேரத்தின் வரிசையில்தான்.

1. நாளையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள்

குறைந்தது மூன்று முழு நாள் வேண்டும். சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சீனக் கடைகள் பல ஒரேயடியாகப் பூட்டிக் கிடக்கும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் கடைகளின் பகல் வியாபாரம் குறைந்து, மாலைச் சந்தைகள் களைகட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில், தமிழ் முஸ்லிம்களின் நாசி கண்டார் சோற்றுக் கடைகள் சில ஓரிரு மணி நேரம் மூடியிருக்கும்.

தங்குவதற்குத் தீவின் தலைநகர் ஜார்ஜ் டவுனின் பழைய நகரமே சிறந்தது. மலாக்காவோடு சேர்த்து 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த பகுதி அது. சூலியா தெரு, கேம்பல் தெரு, கிம்பர்லி தெரு ஆகியவற்றுக்கு நடுவில் அறை கிடைத்தால் நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி நடை தூரத்தில் இருக்கும். நடக்க முடியாத வேளையில் நகருக்குள் சுற்றிவரும் இலவச ‘கேட்’ (CAT) பேருந்து இருக்கிறது.

2. மேசை பிடிக்கும் முறையைப் பழகுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். பினாங்கின் காப்பிக்கடை, நம் ஊர் ஓட்டல் மாதிரி ஒரே முதலாளியின் சமையலறை இல்லை. கடைக்காரர் பானங்களை மட்டும் விற்பார். சுற்றிலும் உள்ள தள்ளுவண்டி போன்ற சிறு கடைகளை வேறு வேறு ஆட்கள் வாடகைக்கு எடுத்திருப்பார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பண்டம்தான் செய்வார்கள், பலர் அதையே ஆயுள் முழுக்கச் செய்வார்கள். அந்தக் கைப்பழக்கம்தான் இந்த ஊரின் ருசி. அது கைமாறிவிடக் கூடாது என்று, அங்காடிக் கடைகளில் உள்ளூர் உணவை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சமைப்பதற்கு மாநில அரசு 2016 முதல் தடை போட்டிருக்கிறது. ருசியைக் காக்க ஓர் அரசு இந்த அளவுக்கு மெனக்கெடுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதலில் ஓர் இடம் பார்த்து உட்காருங்கள், மேசை எண்ணை நினைவில் வையுங்கள். அப்புறம் எழுந்து போய் வேண்டிய கடையில் பண்டத்தின் பெயரையும் மேசை எண்ணையும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். பானத்துக்கு ஆள் தானாக வருவார். ஒரு பானமாவது சொல்வதுதான் முறை. சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் சில இடங்களில் தனியாகக் காசு வாங்குவார்கள். சாப்பாடு மேசைக்கு வந்ததும் கொண்டுவந்தவரிடமே பணம். ஆகவே சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். அங்கே தமிழர்கள் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்பார்கள்.

கூட்டம் இருந்தால் முன்பின் தெரியாதவர் மேசையில் கேட்டுவிட்டு உட்காரலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சீனப் பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுங்கள். தமிழ் முஸ்லிம் கடையில் ‘அண்ணே’ போதும். அந்தச் சொல்லை மலாய்க்காரர்களும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அவர்களும் அங்கே ‘அனே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பொட்டலம் வேண்டுமென்றால் ‘புங்குஸ்’.

இன்னொன்று, இரண்டு பேர் போனால் ஒரு தட்டு மட்டும் வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். வயிறு நிறைய ஒரு வேளை சாப்பிட்டால் அடுத்த ஐந்து மணி நேரம் வீண். இங்கே ஒரு நாளைக்கு ஆறு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும்.

3. காலை 7 முதல் 10 வரை: பசியாறல்

காப்பியில் தொடங்கலாம். வெறும் ‘கோப்பி’ என்றால் கெட்டிப் பால் ஊற்றித் தருவார்கள், தித்திப்பு தூக்கலாக இருக்கும். ‘கோப்பி ஓ’ பாலில்லாமல் சர்க்கரை போட்டது. ‘கோப்பி சி’ என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். சர்க்கரையே வேண்டாமென்றால் ‘கொசோங்’, குறைவாக வேண்டுமென்றால் ‘குராங் மானிஸ்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பதால் வரும் கருகல் வாசனை நம் ஃபில்டர் காப்பியில் கிடையாது. முதல் நாள் வித்தியாசமாக இருக்கும், மூன்றாம் நாள் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

அதோடு கரியடுப்பில் வாட்டிய ரொட்டி. மேலே வெண்ணெயும் ‘காயா’வும் தடவித் தருவார்கள். தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, ரம்பை இலை நான்கையும் மெதுவாகக் கிண்டி எடுப்பதுதான் காயா. பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை இரண்டு, சோயா சாறும் வெள்ளை மிளகுத்தூளும் தூவிக் கலக்கி ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவது.

கனமாக வேண்டுமென்றால் ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் உறவுதான், ஆனால் இன்னும் மெலிதாக வீசி, லேசாகப் பொரித்தது போல இருக்கும். குழம்பைத் தொட்டுக்கொள்ளாமல் மேலேயே ஊற்றச் சொல்லுங்கள், ‘பஞ்சிர்’ என்றால் புரிந்துகொள்வார்கள். மலாயில் அதற்கு வெள்ளம் என்று அர்த்தம். ஹொக்கியன் மீயும் காலைச் சாப்பாடுதான் (பின்னிரவிலும் சில இடங்களில் உண்டு). இறால் ஓட்டை வறுத்துக் கொதிக்க வைத்த சிவந்த சாறும் நூடுல்சும். கோலாலம்பூரில் அதே பெயரில் கிடைப்பது கறுப்பாக வதக்கிய நூடுல்ஸ், அது வேறு பண்டம்.

வெயில் ஏறுவதற்குள் சௌராஸ்தா சந்தைப் பக்கம் ஒரு நடை நடந்து குவே வாங்குங்கள். குவே என்பது அரிசி மாவு, ஒட்டரிசி, தேங்காய்ப்பால், பனை வெல்லம் இவற்றில் செய்யும் சிறு பலகாரங்களுக்குப் பொதுப்பெயர். மலாய் மண்ணில் நெடுங்காலத்துக்கு முன் குடியேறி, மலாய்ப் பழக்கங்களோடு கலந்த சீனக் குடும்பங்களின் பெண்களை நோன்யா என்பார்கள். நல்ல குவேக்கள் பெரும்பாலும் அவர்கள் வீட்டு அடுப்படியில் பிறந்தவை. அடுக்கடுக்காக உரித்துத் தின்னும் வண்ண வண்ணக் குவே லாப்பீஸ் குழந்தைகளுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடித்தது பூலுட் தாய் தாய். ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலில் வேக வைத்து, அழுத்திக் கட்டியாக்கி, காயாவோடு தருவார்கள். அரிசியில் நீலத் திட்டுகள் தெரியும். சாயம் என்று நினைத்து என் அக்கா தொடவே இல்லை. விசாரித்தால், சங்குப்பூ! நம் வீட்டு வேலியில் படரும் அதே சங்குப்பூவைச் சாறெடுத்துச் சேர்க்கிறார்கள். அதற்கப்புறம் தினமும் இரண்டு துண்டு அவள் பங்கு, முட்டை சேர்ந்த காயா இல்லாமல்.

4. நண்பகல்: நாசி கண்டார்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவுதடி. தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்புகளையும் தொங்கவிட்டுக்கொண்டு துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றுத் திரிந்தார்கள். தடி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. கேம்பல் தெருவில் இருக்கும் ஹமீதியா 1907இல் தொடங்கியது. ‘மாமாக்’ என்று இந்தச் சமூகத்தை ஊரார் சொல்வதும் நம் ‘மாமா’விலிருந்து வந்ததுதான்.

வரிசையில் நின்று முன்னால் போனதும் சோறு வைப்பார்கள். பிறகு வேண்டியதைக் கை நீட்டிக் காட்ட வேண்டும். கோழிப் பொரியல், கறுப்பாகச் சுண்டிய மாட்டிறைச்சி, கணவாய்க் குழம்பு, மீன்தலைக் கறி, மீன் சினை, வெண்டைக்காய், முட்டை என்று நீண்டுகொண்டே போகும். இறைச்சி என்று பொருள்படும் ‘டாகிங்’ அங்கே வழக்கத்தில் மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும். சாப்பிடாதவர்கள் இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். தமிழில் கேட்டாலும் பல கடைகளில் பதில் தமிழிலேயே வரும்.

உயிர் இருப்பது கடைசிப் படியில்தான். நம் ஊரில் கோழிக் குழம்புக்கு ஒரு கிண்ணம், மீன் குழம்புக்கு ஒரு கிண்ணம், இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. இங்கே ‘குவா சம்போர்’ என்று சொன்னால், நாலைந்து குழம்புகளிலிருந்து ஒவ்வொரு கரண்டி எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். மீன் குழம்பின் புளிப்பும் கோழிக் குழம்பின் மசாலாவும் மாட்டுக்கறியின் சோயா இனிப்பும் சோற்றில் இறங்கிச் சேரும்போது, அதில் எந்தக் குழம்பிலும் இல்லாத ஒரு ருசி வருகிறது. ஒரு குழம்பு மட்டும் கேட்டால் நல்ல சாப்பாடு கிடைக்கும், ஆனால் அது நாசி கண்டார் ஆகாது. தயங்காமல் கலக்கச் சொல்லுங்கள், கையால் பிசைந்து சாப்பிடுங்கள்.

விலையில் கவனம் தேவை. தட்டைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். பெரிய இறாலும் மீன் சினையும் கணக்கை ஏற்றிவிடும், எடுக்கும் முன்பே எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். கேட்பது அங்கே அவமரியாதை இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிட நடையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அதைத் தாண்டினால் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். அந்தத் தெருக்களில் நடக்கும்போது இந்தச் சோறு எப்படி இங்கே வந்தது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

5. பிற்பகல் 2 மணி வெயிலில்: செண்டோல்

பினாங்கு சாலையிலிருந்து பிரியும் கெங் குவீ சந்தில் எப்போதும் கூட்டம் நிற்கும். 1936 முதல் அங்கே செண்டோல் விற்கிறார்கள். கிண்ணத்தில் துருவிய ஐஸ், ரம்பை இலைச் சாற்றில் பச்சையான அரிசி மாவு இழைகள், வேக வைத்த சிவப்பு பீன்ஸ், தேங்காய்ப்பால், மேலே கூலா மெலாக்கா என்னும் தென்னை வெல்லப் பாகு. நம் கருப்பட்டியை அறிந்தவர்களுக்கு அந்தப் பாகு புதிதாக இருக்காது. புகையும் லேசான உப்பும் கலந்த அதே ஆழம்.

நின்றபடியே சாப்பிடுங்கள். உட்கார இடம் தேடினால் ஐஸ் கரைந்து தேங்காய்ப்பால் நீர்த்துவிடும். முதல் வாய் கலக்காமல், அடுத்தது கலக்கி. என் அனுபவத்தில் செண்டோலின் தரத்தைத் தேங்காய்ப்பாலில் தெரிந்துகொள்ளலாம். அன்று பிழிந்த பாலென்றால் நாக்கில் வழவழப்பு நிற்காது.

அயிஸ் காச்சாங் வேறு. ஐஸ் மலையின்மேல் சோளம், பீன்ஸ், நிப்பா பனையின் நுங்கு போன்ற விதை, வண்ணப் பாகு எல்லாம். எனக்கு அது கொஞ்சம் இரைச்சலான இனிப்பு. அதைவிட ஜாதிக்காய்ச் சாறு கேளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்தத் தீவில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் போட்டார்கள். நாம் கொட்டையை மட்டும் அறிவோம், இவர்கள் அதன் சதையைப் பிழிந்து குடிக்கிறார்கள். வாயெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவும்.

6. மாலை 4 மணி: அசாம் லக்சா

மலாயில் அசாம் என்றால் புளிப்பு. தேங்காய்ப்பால் ஊற்றிய சிங்கப்பூர் லக்சாவை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இது கானாங்கெளுத்தி மீனை வேக வைத்து உதிர்த்து, புளியும் காய்ந்த அசாம் கெப்பிங் துண்டுகளும் போட்டுக் கொதிக்க வைத்து, நூடுல்ஸ் மேல் ஊற்றும் சாறு. அந்த அசாம் கெப்பிங் நம் குடம்புளியின் நெருங்கிய சொந்தம். மீன் குழம்பில் வளர்ந்த எந்த நாக்குக்கும் முதல் கரண்டியே வீட்டை நினைவூட்டும். இரண்டாவது கரண்டியில் வேறு நாடு வந்துவிடும். புதினா, அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், அப்புறம் பூங்கா கந்தான் என்ற செடியின் இளஞ்சிவப்பு மொட்டு. இஞ்சிக் குடும்பத்துச் செடி அது. அதன் மணத்தை எதோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை.

கூடவே ஒரு கரண்டியில் கறுப்பாக, கெட்டியாக ஒன்று வரும். அது ஹே கோ, இனிப்பும் உப்பும் கலந்த இறால் பசை. முழுதும் ஒரேயடியாகக் கலக்கிவிடாதீர்கள். கரண்டி முனையில் தொட்டுச் சாற்றில் கரைத்து, ருசி பார்த்துப் பார்த்துச் சேருங்கள்.

கெக் லோக் சி புத்தர் கோயில் இருக்கும் ஆயர் ஈத்தாம் பகுதி லக்சாவுக்குப் பேர்போனது. ஜார்ஜ் டவுனின் கொம்தார் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்தில் போகலாம். கோயிலை முதலில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவந்து சாப்பிட்டால் பசியும் சரியாக இருக்கும். தீவின் மறுபக்கம் பாலிக் பூலாவ் வரை போகிறவர்களுக்கு அங்கே தேங்காய்ப்பால் சேர்த்த ‘சயாம் லக்சா’வும் கிடைக்கும். ஜூன், ஜூலை என்றால் டுரியான் காலம். பழத் தோட்டங்கள் அங்கேதான். விடுதி அறைக்குள் டுரியானைக் கொண்டுவர விட மாட்டார்கள், அங்கேயே தின்று கை கழுவிவிட்டு வாருங்கள்.

7. சாயங்காலச் சிறு தீனி

பர்மா சாலைப் பக்கம் ‘அபோம்’ என்ற பெயரைக் கேட்டால் நில்லுங்கள். நம் ஆப்பம்தான். சின்னச் சட்டியில், கரியடுப்பில், ஓரம் முறுமுறுப்பாகச் சுட்டு, உள்ளே வாழைப்பழமோ சோளமோ வைத்து மடித்துத் தருவார்கள். சீனர்கள் சுடுவதும் உண்டு, தமிழர்கள் சுடுவதும் உண்டு, இரண்டும் வேறு ருசி. புட்டு மாயாம் என்பது நம் இடியாப்பம், தேங்காய்த்துருவலும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுத் தருவார்கள்.

கடலோரம் பாடாங் கோத்தாவில் பசெம்போர் கிடைக்கும். வடைகள், இறால் பொரியல், கணவாய், வெள்ளரி எனக் கேட்டதை நறுக்கி, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேர்க்கடலையும் சேர்த்த இனிப்புக் காரக் குழம்பை ஊற்றுவார்கள். இதுவும் எடுக்கும் துண்டுக்கு ஏற்ற விலைதான்.

8. இரவு: சார் குவே தியாவும் சூடான இனிப்பும்

சார் குவே தியாவ் என்பது தட்டையான அரிசி நூடுல்சை இறால், மட்டி, முட்டை, முளைப்பயறு, சீனப் பூண்டுத் தாள் போட்டு உச்ச அனலில் புரட்டுவது. சீனக் கடைகளில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் செய்வார்கள், வேண்டாதவர்கள் முஸ்லிம் கடைகளில் கேட்கலாம். நல்ல கடையில் ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் வதக்குவார்கள். பத்துத் தட்டுக்கு ஒரே சட்டியில் போட்டால் அனல் தணிந்து நூடுல்ஸ் வெந்து குழைந்துவிடும். ஆகவே காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் சட்டியைத் தூக்கி ஆட்டும் கையைப் பாருங்கள்.

கிம்பர்லி தெருவில் இரவில் சூடான இனிப்புக் கஞ்சிகள் விற்பார்கள். ‘சீ கோ தங்’ என்றால் நான்கு பழச் சாறு என்று பொருள். கிண்ணத்தில் தாமரை விதை, லோங்கான், ஜின்கோ கொட்டை எல்லாம் மிதக்கும். கறுப்பு ஒட்டரிசியைக் காய்ச்சித் தேங்காய்ப்பால் ஊற்றும் பீ கோ மோய், அரிசிப் பாயசம் பிடித்தவர்களுக்கானது. தாவ் ஹுவா என்பது சோயாப்பால் தயிர் போல உறைந்தது, இஞ்சிப் பாகோ பனை வெல்லப் பாகோ ஊற்றித் தருவார்கள். அலைந்த காலோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் குடித்தால் போதும், இந்த ஊர்க்காரர்கள் ஏன் இரவில் வீட்டில் அடைந்து கிடப்பதில்லை என்று புரியும்.

9. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

என் அக்கா முட்டையும் தொட மாட்டாள். ஒரு கடையில் “இறைச்சி இல்லையே?” என்று கேட்டு, இல்லை என்றதும் காய்கறி நூடுல்ஸ் வாங்கினோம். பாதி சாப்பிட்டபோது தட்டில் காய்ந்த இறால் தென்பட்டது. அன்று இரவு அவள் எதுவும் சாப்பிடவில்லை. இறைச்சி வேறு, இறால் பசையும் நெத்திலியும் வேறு என்பது அங்கே பலர் கணக்கு. ஆகவே ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: டாகிங் (இறைச்சி), ஆயாம் (கோழி), ஈக்கான் (மீன்), ஊடாங் (இறால்), தெலோர் (முட்டை). முன்னால் ‘தாக் மாவ்’ சேர்த்தால் வேண்டாம் என்று ஆகிவிடும். சம்பால் என்னும் மிளகாய்த் துவையல் எதுவானாலும் தவிர்த்துவிடுங்கள், பெலாச்சான் என்னும் இறால் பசை அதில் அநேகமாக இருக்கும்.

நல்ல வழி சீன சைவக் கடைகள். பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியன் மொழியில் ‘சியாக் சாய்’ என்றால் சைவம் உண்பது, அந்தச் சொல்லைச் சொன்னால் கடையைக் காட்டிவிடுவார்கள். சீன மாதத்தின் 1ஆம், 15ஆம் நாட்களில், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பக்தியுள்ள சீனர்கள் பலர் சைவம்தான். அந்த நாட்களில் சைவக் கடைகளில் பண்டங்களும் கூடும், கூட்டமும் கூடும். லிட்டில் இந்தியாவில் இட்லி, தோசைக்குக் குறைவில்லை, ஆனால் இவ்வளவு தூரம் வந்து அதையே சாப்பிட வேண்டாம் என்பது என் ஆசை. இனிப்புகளில் செண்டோல், தாவ் ஹுவா, சீ கோ தங் மூன்றும் அக்காவுக்குத் தடையில்லாமல் கிடைத்தன.

10. பெட்டியில் எடுத்துவர

தாவ் சார் பியா என்ற, பயற்றம் பூரணம் வைத்த சின்ன பிஸ்கட்டை ஊரார் ‘தம்புன் பிஸ்கட்’ என்றும் சொல்வார்கள். கீ ஹியாங் கடை 1856 முதல் இருக்கிறது. பன்றிக் கொழுப்பு சேர்த்ததும் சேர்க்காததும் கடைக்குக் கடை மாறும், கேட்டு வாங்குங்கள். கிளம்பும் நாள் காலையில் வாங்கினால் வீடு வந்து சேரும்போது மொறுமொறுப்பு இருக்கும்.

சௌராஸ்தாவில் ஜாதிக்காய்ச் சதையைச் சீவி, ஊற வைத்து, பொட்டலம் போட்டு விற்பார்கள். ஈரமாகவும் உண்டு, சர்க்கரையில் உலர்த்தியதும் உண்டு. உலர்ந்தது பயணத்துக்கு நல்லது. அக்கா இரண்டு பொட்டலம் வாங்கிவந்து, ஒன்றைப் பொடியாக நறுக்கித் தயிர்ச்சாதத்தில் போட்டுப் பார்த்தாள். இப்போது நான் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அவளுடைய சீட்டில் அது மட்டும்தான் இருக்கிறது.